பொட்டு வைத்த ஹார்ட் டிஸ்க்

அத்தியாயம் 1

"அஞ்சு மணிக்குள்ள கிடைக்கலன்னா ஒரு உசுரு போயிடும் மேடம்" என்றாள் அந்தப் பெண். சொல்லிவிட்டு மேஜை மேல் தலையைக் கவிழ்த்து அழ ஆரம்பித்தாள்.

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஜெராக்ஸ் கடை மாடியில், பத்துக்குப் பத்து அறையில் துப்பறியும் நிலையம் நடத்துகிற ஏலவார்குழலிக்கு அழுகிறவர்கள் புதிதில்லை. ஒரு டம்ளர் தண்ணீரையும் ஒரு துண்டையும் நகர்த்தி வைத்துவிட்டுக் காத்திருந்தாள். நாற்பத்திரண்டு வயது. காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு ஜவுளிக்கடையில் பன்னிரண்டு வருடம் புடவையில் குறை பார்க்கும் வேலை செய்தவள். விட்டுப்போன ஒரே ஒரு இழையைக்கூடக் கண்டுபிடித்துப் புடவையைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்ததில் முதலாளிக்கு ஆத்திரம் வந்து, வேலையை விட்டு அனுப்பினார். அன்றிலிருந்து மனிதர்களிடம் குறை பார்க்கிறாள். சரக்குக்குப் பஞ்சமே இல்லை.

அவளுடைய உதவியாளன் அருள்தாஸ் காலை பத்து மணி வரை ஷேர் ஆட்டோ ஓட்டுவான். அதற்குப் பிறகு துப்பறிவான். வாய் மட்டும் இருபத்து நாலு மணி நேரமும் வேலை பார்க்கும்.

"யாரு உசுருமா? இன்னா காணோம்? அத்த மொதல்ல சொல்லு. அழுவறதுக்கு அக்கா தனியா டைம் குடுக்கும்" என்றான்.

அந்தப் பெண் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெயர் ரேணுகா, வயது இருபத்தாறு. தாலுகா ஆபீஸ் ரோட்டில் இருக்கிற 'நிழல்' மகளிர் மையத்தில் கம்ப்யூட்டர் ஆபரேட்டர். அடி உதை தாங்காமல் வீட்டை விட்டு வருகிற பெண்களை வெளியில் தெரியாத இடங்களில் குடிவைத்துப் பிழைப்புக்கு வழி செய்கிற மையம் அது.

"பழைய கம்ப்யூட்டரைப் போன வாரம் கழிச்சிட்டோம் மேடம். அதுல கீற ஹார்ட் டிஸ்க்ல நாப்பத்தொரு பொம்பளைங்க இப்ப எங்க கீறாங்கன்னு ஊரு, தெரு, கதவு நம்பர் வரைக்கும் கீது. அந்த டிஸ்க்கக் காணோம்."

"அழிக்காமலா வெளியில விட்டீங்க?"

"நாந்தான் ஃபார்மட் பண்ணேன். ஸ்கிரீன்ல ஒண்ணுமே இல்ல, தொடச்சி வுட்டா மாதிரி இருந்துச்சி. அப்பால எங்க இன்சார்ஜ் இளமதி மேடம் சொன்னாங்க, அது போவாதாம்."

"போகாது" என்றாள் குழலி. "வாசல்ல இருக்கற பேர்ப்பலகையைக் கழட்டிட்டா, உள்ள குடியிருக்கறவங்க காலி பண்ணிட்டாங்கன்னு அர்த்தமா? எது எங்க இருக்குங்கற பட்டியல்தான் போகும். விஷயம் எல்லாம் அது அது இடத்துல உட்கார்ந்திருக்கும். அழிக்கணும்னா அதுமேலேயே வேற எதையாவது முழுசா எழுதணும். இல்லன்னா உள்ள இருக்கற தட்டை உடைக்கணும்."

"நம்ம ஊரு கோயில் கல்வெட்டு மாதிரி" என்றான் அருள்தாஸ். "ஆயிரம் வருசமாச்சி. எவன் எலெக்‌ஷன்ல நிக்கக்கூடாதுன்னு இன்னும் படிச்சிக்கினு கீறானுங்க. இந்த ஊருல எழுதினது அவ்ளோ சுளுவா அழியாதுக்கா."

ரேணுகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்பத்தொரு பேரில் ஒருத்தி பிரபா. அவள் புருஷன் மோகன்குமார் அவள் வலது கையை இரண்டு இடத்தில் உடைத்தவன். டிஸ்க் வெளியே போன சங்கதி எப்படியோ அவன் காதுக்குப் போய்விட்டது. செல்போன் கடையில் விசாரித்திருக்கிறான். ஃபார்மட் செய்ததையும் தோண்டி எடுத்துத் தருவதாக அவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

"காலைலேர்ந்து பழைய இரும்புக் கடை ஒண்ணு வுடாம ஏறி எறங்கிக்கினு கீறான் மேடம். மூணு நாளா சோறு தொடல அந்தாளு. பைத்தியம் மாதிரி சுத்திக்கினு கீறான். அவன் கைல கெடைக்கறதுக்கு முன்னாடி நமக்குக் கெடைக்கணும்."

"பிரபாவை வேற இடத்துக்கு மாத்திடலாமே?"

"இளமதி மேடம் கோர்ட்டுக்குப் போயிருக்காங்க, போன் ஆஃப்ல கீது. புது கம்ப்யூட்டர்ல கீற லிஸ்ட்டத் தொறக்கற பாஸ்வேர்டும் அவங்ககிட்டதான் கீது. பிரபாவுக்குப் போனே கெடையாது. போன் வெச்சிக்கக் கூடாதுன்னு நாங்கதான் சொல்லுவோம். மத்த நாப்பது பேரும் கீறாங்க. ஒரே நாள்ல அத்தனை பேரை எங்க மேடம் மாத்தறது?"

"அது சரி. ஏன் அஞ்சு மணி?"

ரேணுகா தண்ணீரை எடுத்துக் குடித்தாள். டம்ளர் காலியான பிறகும் பதில் வரவில்லை. குழலி அதை மனதில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொண்டு எழுந்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி பதினொன்றரை.

* * *

டிஸ்க்கைக் கடைசியாகக் கையில் வாங்கியவள் கோவிந்தம்மாள். மையத்தில் கூட்டிப் பெருக்கி, டீ போட்டு, வருகிற பெண்களின் கண்ணீரைத் துடைக்கிற வேலைகள் எல்லாம் அவளுடையவை. ரேணுகா லீவில் இருந்த நாளில், இளமதி ஒரு புது சுத்தியலை வாங்கிவந்து அவளிடம் கொடுத்து, "இதை நொறுக்கிடுங்க கோவிந்தம்மா" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்.

"நொறுக்கினீங்களா?" என்றாள் குழலி.

"நொறுக்கிட்டேம்மா" என்றாள் கோவிந்தம்மாள், துடைப்பத்தைப் பார்த்துக்கொண்டே.

"எத்தனை அடி?"

"மூணு. நாலு கூட இருக்கும்."

குழலி அலமாரியைத் திறந்து சுத்தியலை எடுத்தாள். அடிக்கிற முகத்தில், கடைக்காரன் ஒட்டின விலைச் சீட்டு மூலை மடங்காமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"நாலு அடி அடிச்சும் சீட்டு கசங்கலையே?"

"அவ்ளோ பதமா அடிச்சிருக்கு. தடவிக் குடுத்திருக்கும்" என்றான் அருள்தாஸ்.

கோவிந்தம்மாள் துடைப்பத்தைக் கீழே போட்டாள். 

"ஆறு வருசமா ஆயுத பூஜைக்கு அந்தப் பொட்டிக்கு நாந்தாம்மா சந்தனம் தடவிப் பொட்டு வெச்சேன். போன வருசம் ரிப்பேர்னு தொறந்து போட்டு வெச்சிருந்தாங்க. உள்ளார கீற அந்தச் சாமானுக்கும் வெச்சேன். சரஸ்வதிம்மா அது. காகிதம் கால்ல பட்டாலே தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறோம். அத்தப் போயி சுத்தியால மண்டைல போடுன்னா கை வருமா?"

"வராதுதான்" என்றாள் குழலி. அவளுக்குக் கோபம் வரவில்லை. பெரிய பெரிய கம்பெனிகள் பாதுகாப்புக்கு என்னென்னவோ விதி எழுதி வைக்கின்றன. ஒரு சிட்டிகைக் குங்குமத்தை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. "அப்புறம் என்ன பண்ணீங்க?"

"சாமி சாமான் பழசானா இன்னா பண்ணுவோம்? ஆத்துல வுடுவோம். ஆபீஸ்ல கண்ணாடி ஒடஞ்ச சாமி படம் நாலஞ்சி கெடந்துச்சி. எல்லாத்தையும் சேத்து மஞ்சத் துணியில கட்டி, முந்தாநேத்து திருமுக்கூடலுக்கு எடுத்துக்கினு போனேன். மூணு ஆறு கூடுற எடம், புண்ணியம்."

"மூணு ஆறும் கூடுது. தண்ணி மட்டுந்தான் கூட்டத்துக்கு வரல" என்றான் அருள்தாஸ்.

"அதாம்ப்பா நானும் பாத்தேன். வெறும் மணலு. சரின்னுட்டு கரைல கீற அரசமரத்தாண்ட வெச்சிட்டு, கும்புட்டுட்டு வந்துட்டேன்." அவள் ரேணுகாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எதுனா தப்பாயிடுச்சா கண்ணு?"

ரேணுகா கையை உருவிக்கொண்டு ஆட்டோவை நோக்கி ஓடினாள்.

* * *

அருள்தாஸ் ஆட்டோவை விரட்டினான். இரண்டு பக்கமும் நெல் வயல். ரேணுகாவின் மடியில் இருந்த போன் பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் துடித்தது. ஒவ்வொரு தரமும் அவள் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்து, ஏதோ தட்டி அனுப்பிவிட்டுக் கவிழ்த்து வைத்தாள். 

"யாரு?" என்றாள் குழலி.

"வூட்லேர்ந்து. அம்மா."

ஒரு திருப்பத்தில் கூடையோடு நின்ற ஒரு பெண்மணி கை காட்ட, அருள்தாஸின் கால் தன்னால் பிரேக்கை மிதித்தது. குழலி அவன் முதுகில் ஒரு குத்து விட்டாள்.

"பழக்கதோசம்க்கா. கை காட்டினா நிக்கும் இந்த வண்டி" என்று சொல்லிக்கொண்டே அவன் மறுபடி வேகம் எடுத்தான்.

திருமுக்கூடல் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. பாலாறு முழுக்க மணல். கரையில் அரசமரத்தடியில், நாகக் கல்லுக்குப் பக்கத்தில் மஞ்சள் துணி கிடந்தது. ரேணுகா ஓடிப்போய் அதைப் பிரித்தாள். பிள்ளையார் இருந்தார், முருகன் இருந்தார், லட்சுமி இருந்தாள். டிஸ்க் இல்லை.

"போச்சி" என்றாள். மணலில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் போச்சி மேடம். அவன்தான் எடுத்திருப்பான்."

 குழலி குத்துக்காலிட்டு உட்கார்ந்து படங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். அவளுக்கும் உள்ளுக்குள் பதறத்தான் செய்தது. எங்கேயோ ஒரு தெருவில், உடைந்து கூடின கையோடு ஒருத்தி சோறு வடித்துக்கொண்டிருப்பாள். இங்கே நடப்பது எதுவும் அவளுக்குத் தெரியாது. 

"அருளு, இதுல என்ன குறையுது சொல்லு."

அவன் குனிந்து பார்த்தான். "சாமி எல்லாம் கீறாங்க. வூடுதான் இல்ல. ஒரு படத்துக்கும் பிரேமைக் காணோம்."

"இரும்புக் கடைக்காரனா இருந்தா சட்டுனு உடைச்சு எடுத்திருப்பான், படம் கிழிஞ்சிருக்கும். இங்க ஆணியை ஒண்ணொண்ணா நெம்பி எடுத்திருக்கு. காகிதத்துல ஒரு கீறல் இல்ல. எடுத்த படத்தை அடுக்கி, காத்துல பறக்காம மேல கல்லு வெச்சிருக்கு. இதைப் பாரு." கல்லுக்குப் பக்கத்தில் கறுப்பாக ஒரு வட்டம் இருந்தது. "கற்பூரம் ஏத்தி, மன்னிப்புக் கேட்டுட்டு எடுத்திருக்கான். பிரேம் கழட்டத் தெரிஞ்சவன், பிரேம் தேவைப்படறவன், சாமிக்குப் பயப்படறவன். யாரு?"

"படம் கட்டற கடைக்காரன்" என்று அருள்தாஸ் எழுந்தே விட்டான். "திருடறதுக்கு முன்னாடி கற்பூரம் ஏத்தறவனை இப்பத்தான்க்கா பாக்கறேன். நம்ம எம்.எல்.ஏ.ங்க கூட அப்பால தான் ஏத்துவாங்க."

சுற்றுவட்டாரத்தில் படம் கட்டுகிற கடை எது என்று விசாரித்துத் தெரிந்துகொள்வதற்குள் மூன்று மணி நேரம் ஓடிவிட்டது. முதலில் கேட்ட டீக்கடைக்காரர் அவர்களை எதிர்த்திசையில் ஆறு கிலோமீட்டர் அனுப்பிவிட்டார். அந்தக் கடை மூன்று வருடத்துக்கு முன்பே பிரியாணிக் கடையாகிவிட்டிருந்தது. திரும்பி வந்து பாலத்தைத் தாண்டும்போது ரேணுகா அழுவதைக்கூட நிறுத்திவிட்டிருந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

* * *

பழையசீவரம் மெயின் ரோட்டில், வேதகிரியின் கடையில் அவர்கள் நுழைந்தபோது மணி நாலேகால். அறுபது வயது ஆள். மூக்கு நுனியில் கண்ணாடி, காதில் பென்சில். கேள்வியை முடிப்பதற்குள் அவர் முகம் வெளுத்தது.

"பிரேமு எடுத்தது தப்புத்தாம்மா. நல்ல தேக்கு, வெயில்ல காஞ்சிக்கினு கெடந்துச்சி..."

"பிரேமை நீங்களே வெச்சிக்குங்க. அது கூட ஒரு இரும்புச் சாமான் இருந்துதே?"

"அதுவா?" அவர் பெஞ்சைக் காட்டினார்.

யாரோ ஒரு புது மணமக்களின் பெரிய படம் அட்டையில் ஒட்டிக் காயவைக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில், மாப்பிள்ளையின் நெஞ்சு மேல், உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியதாக ஒரு உலோகப் பெட்டி. அதன் மேல் காய்ந்த சந்தனமும் குங்குமமும்.

"தட்டையா கீது, நல்ல கனம். பசை காயற வரைக்கும் மேல வெச்சா படம் சுருங்காது. பொட்டு வேற வெச்சிருந்தாங்களா, சாமி சாமானைத் தூக்கிப் போட மனசு வரல."

ரேணுகா பாய்ந்து அதை எடுத்தாள். மார்போடு அணைத்துக்கொண்டு, "கெடச்சிடுச்சி, கெடச்சிடுச்சி" என்று சொல்லிக்கொண்டே வாசல் பக்கம் நகர்ந்தாள்.

"ரேணுகா" என்றாள் குழலி. "எங்க போறீங்க?"

"ஆபீஸ்ல கொண்டு போயி..."

"எதுக்கு? நமக்கு வேண்டியது அது சாகணும், அவ்வளவுதானே. நைனா, உங்ககிட்ட டிரில் இருக்கா?"

"கீது. ஆனா கரண்ட் இல்லம்மா. அஞ்சு மணிக்குத்தான் வரும்."

"சுத்தியலும் பெரிய ஆணியும்?"

வேதகிரி கான்கிரீட் ஆணி ஒரு பிடியும், கைப்பிடி தேய்ந்த சுத்தியலும் கொடுத்தார். குழலி சுத்தியலை ரேணுகாவின் கையில் வைத்தாள்.

"மேல் மூடி மெல்லிசு. ஆணியை வெச்சு நாலு இடத்துல இறக்கினா உள்ள இருக்கற தட்டு பாழாயிடும். அடிங்க."

ரேணுகா அடிக்கவில்லை. சுத்தியலையும் டிஸ்க்கையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"கோவிந்தம்மாவுக்குக் கை வரல, ஏன்னு புரியுது. உங்களுக்கு ஏன் வரல?"

"மேடம்..."

"காலையிலேர்ந்து நானும் பார்க்கறேன். நாப்பத்தொரு பேர்ல ஒருத்தி பேரைத்தான் நீங்க சொல்றீங்க. அஞ்சு மணின்னீங்க. யாரு வெச்ச அஞ்சு மணின்னு கேட்டா தண்ணி குடிக்கறீங்க. அந்த மோகன்குமார் மூணு நாளா சோறு தொடலன்னு சொன்னீங்க. பொண்டாட்டியை அடிச்சவன் இட்லி சாப்பிட்டானா, பட்டினி கிடந்தானான்னு எந்த ஆபீஸ் ஃபைல்ல எழுதறாங்க? அந்த வீட்டு அடுப்படியில இருக்கறவங்களுக்குத்தான் அது தெரியும். அவன் உங்களுக்கு யாரு?"

ரேணுகா டிஸ்க்கை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

"எங்க அண்ணன்" என்றாள் ரேணுகா.

அருள்தாஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். குழலி கையைக் காட்டி அடக்கினாள்.  ஊரெல்லாம் தேடி, ஓநாயின் வீட்டுக்காகவே ஆட்டுக்குட்டியைக் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறோம் என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

ரேணுகா போனை நீட்டினாள். அதில் மூன்று படம், மூன்று நாளில் வந்தவை. மூன்றிலும் ஒரே பூச்சி மருந்து பாட்டில், அதைப் பிடித்திருக்கிற ஒரே கை. கீழே எழுத்து: 'இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள பிரபா அட்ரஸ் வரல, அண்ணனை மறந்துடு.'

"அம்மா கால்ல வுழுறாங்க மேடம். ஒரே புள்ள, உன்னாலதான்டி சாவப்போறான்னு தலைல அடிச்சிக்கிறாங்க. பிரபா அண்ணியை மையத்துக்குக் கூட்டிக்கினு வந்ததே நாந்தான். அதுவும் அவங்களுக்குத் தெரியாது. நான் யாரைன்னு பாக்கறது? அண்ணி உசுரா, அண்ணன் உசுரா? ரெண்டும் என் கைல கீது. எனக்குச் செத்துடலாம் போல கீது மேடம்."

குழலி படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. இழை இழையாகப் பார்த்துப் பழகின கண்.

"மூடியைப் பாருங்க ரேணுகா. கடையில வாங்கும்போது இருந்த பிளாஸ்டிக் சீல். முதல் நாளும் இருக்கு, ரெண்டாம் நாளும் இருக்கு, இன்னைக்குக் காலையிலயும் இருக்கு. அவன் அதைத் திறந்தே பார்க்கல. உங்களைப் பயமுறுத்த எது போதுமோ அதை மட்டும் செஞ்சிருக்கான்."

ரேணுகா போனை வாங்கி மூன்று படத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகம் வெளிறிப்போயிற்று.

"நாம இங்க இருக்கறது அவனுக்குத் தெரியுமா?"

"லொகேஷன் கேட்டாரு. அனுப்பிட்டேன். பாலத்தாண்ட வந்துட்டேன்னு மெசேஜ் வந்துச்சி."

குழலி போலீஸ் ஸ்டேஷனுக்குப் பேசினாள். ஜீப் வர இருபது நிமிஷம் ஆகும் என்றார்கள். பாலத்திலிருந்து இந்தக் கடைக்கு ஐந்து நிமிஷம்தான்.

"அக்கா, நான் அடிக்கறேன், குடு" என்று அருள்தாஸ் கை நீட்டினான்.

ரேணுகா கொடுக்கவில்லை. போனைப் பெஞ்சில் போட்டுவிட்டு, டிஸ்க்கைத் தரையில் வைத்தாள். ஆணியைக் குங்குமப் பொட்டின் மேலேயே நிறுத்தினாள்.

"அண்ணி கையை அவரு கதவு இடுக்குல வெச்சிச் சாத்தினப்போ நான் பக்கத்துல நின்னுக்கினு இருந்தேன் மேடம். ஒண்ணும் பண்ணல."

முதல் அடியில் ஆணி வழுக்கியது. இரண்டாவது அவள் விரலில் விழுந்தது. மூன்றாவதில் மூடி பொத்துக்கொண்டு ஆணி உள்ளே இறங்க, தட்டு முறுக்கிக்கொள்கிற சத்தம் கேட்டது. அப்புறம் அவள் நிறுத்தவில்லை. நாலு ஆணி போதும் என்று குழலி சொன்னது காதில் விழவே இல்லை. பன்னிரண்டு ஆணி இறக்கினாள். வேதகிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வாசலில் பைக் நின்றது.

மோகன்குமார் சத்தம் போடவில்லை. இஸ்திரி போட்ட சட்டை, சவரம் செய்த முகம். மூன்று நாள் சோறு தொடாதவன் மாதிரி தெரியவில்லை. உள்ளே வந்து, தரையில் கிடந்ததைப் பார்த்தான்.

"இன்னா ரேணு இது?"

"போச்சிண்ணா. இனிமே யாராலயும் எடுக்க முடியாது."

அவன் கொஞ்ச நேரம் ஆணிகளை எண்ணுவது போலப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு மெதுவாக, குழந்தையிடம் பேசுவது போலப் பேசினான்.

"போனா போவுது. நீதானே எல்லாத்தையும் டைப் அடிச்ச? உனக்குத் தெரியுமே. சொல்லுடா செல்லம்."

"ரெண்டு வருசம் ஆச்சி. ஞாபகம் இல்ல."

"நல்லா யோசிச்சிப் பாரு." சட்டைக்குள்ளிருந்து பாட்டிலை எடுத்தான். "அம்மாவுக்கு நீதான் பதில் சொல்லணும்."

ரேணுகா எழுந்தாள். அடிபட்ட விரலில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது. அவன் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கினாள். அவன் தடுக்கக்கூட இல்லை. சுலபமாக விட்டுவிட்டான். அவன் கண் பாட்டில் மேல் இல்லை, அட்ரஸ் அதில் இருக்கும் என்ற நினைப்பில் அவளுடைய போன் மேல் இருந்தது. அவள் பாட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த ஒரு நொடியில் பெஞ்சிலிருந்த போனைப் பறித்துக்கொண்டு வாசலுக்குத் தாவினான்.

அருள்தாஸ் காலை நீட்டினான். மோகன்குமார் முகம் குப்புற விழுந்தான். வேதகிரி தன் அறுபது வயதையும் அவன் முதுகில் வைத்து உட்கார்ந்துகொண்டார்.

"பசை காயற வரைக்கும் எந்திரிக்காத நைனா" என்றான் அருள்தாஸ்.

கீழே கிடந்தபடி மோகன்குமார் தங்கையைப் பார்த்துப் பேசிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது. எல்லாவற்றையும் அவள் நின்று கேட்டாள். பாட்டில் அவள் கையிலேயே இருந்தது, சீல் உடையாமல். ஜீப் வந்து அவனை ஏற்றிக்கொண்டு போகும் வரை அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

* * *

ஐந்தேகாலுக்குக் கரண்ட் வந்தது. இளமதி போன் செய்தார். கோர்ட் முடிந்து நேராக இங்கேயே வருகிறாராம். ரேணுகா கடைப் படியில் உட்கார்ந்திருந்தாள். வேதகிரி அவள் விரலுக்கு ஈரத் துணி கட்டினார்.

"எப்பிடியோ முடிஞ்சிதும்மா" என்று அருள்தாஸ் டீ கிளாசை அவளிடம் கொடுத்தான். "உனக்கு ஞாபக மறதி இருக்கறதாலதான் அண்ணி பொயச்சிது."

ரேணுகா டீயை வாங்கவில்லை. குழலியைத் திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு மறக்கல மேடம்."

"என்ன?"

"நாப்பத்தொண்ணும் ஞாபகம் கீது. தெரு, கதவு நம்பர், பின்கோடு, பக்கத்துல இன்னா கடை கீதுன்னு வரைக்கும். எனக்கு எழுத்து ஒரு தபா கண்ணுல பட்டா போவாது. ஸ்கூல்ல அதுக்குத்தான் பிரைஸ் குடுத்தாங்க." அவள் குரல் அடங்கிப்போயிருந்தது. "மூணு நாளா அந்த டிஸ்க்கு இருந்ததாலதான் நான் தப்பிச்சேன். டிஸ்க்ல கீது, டிஸ்க்கு கெடைக்கட்டும்னு சொல்லிக்கினே இருந்தேன். அவரும் அத்தத் தேடிக்கினு இருந்தாரு. ஒடைக்கக் கை வராததுக்கு அதான் காரணம். இது போயிட்டா, அடுத்தது என்கிட்டதானே வருவாரு?"

குழலி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாளைக்கு ஜாமீன்ல வருவாரு. அம்மா வூட்லதான் கீறாங்க, நானும் அந்த வூட்டுக்குத்தான் போவணும். அம்மா மறுபடி என் கால்ல வுழுவாங்க. இன்னைக்கு இல்லன்னு சொல்லிட்டேன். எத்தனை நாளைக்குச் சொல்லுவேன்னு எனக்கே தெரியல மேடம்." அவள் துணி கட்டின விரலால் தன் நெற்றியைத் தொட்டாள். "ஃபார்மட் பண்ணா போவாதுன்னீங்க. அதுக்கு ஆணி இருந்துச்சி. இத்த எப்பிடி மேடம் அழிக்கறது?"